சிலந்திக்கு ஒரு குரல்

போகிக்கு இரண்டு நாள் முன்னதாக வீட்டில் ஒட்டடை அடிப்பது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இவ்வருஷம் எங்கள் வீட்டில் அந்த வழக்கத்துக்கு ஒரு விக்கினம் நேர்ந்துவிட்டது. என் சகதர்மிணி தாழ்வாரத்து மூலையை நோக்கி ஒட்டடைக் கம்பை உயர்த்திய சமயத்தில், ஒன்பது வயதுப் பேத்தி ஓடி வந்து கம்பைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் பாட்டி! அது ஷார்லட்!"

"ஷார்லட்டாவது, கீர்லட்டாவது! சிலந்திதானேடி?"

"நீயும்தானே என்னோடு படம் பார்த்தாய்? கடைசியில் நீயும்தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாய்?"

பாட்டி கம்பைத் தாழ்த்திவிட்டாள். குற்றம் நிரூபணமாகி விட்டது. சற்று நேரம் கழித்து என்னிடம் வந்து மெதுவாக, "அந்தப் படத்தில் சிலந்திக்காகப் பேசினாளே ஒரு பொம்மனாட்டி, அவள் யார்? நம் வீட்டுப் பெரிய மனுஷி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்ததே!" என்று கேட்டாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். கேட்டவளுக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் ஒரே ஒரு பெயர்தான். யோசித்துப் பார்த்ததில், பெயரை மட்டும் சொல்வது போதாது என்று பட்டது.

படத்தின் பெயர் "ஷார்லட்ஸ் வெப்". அதாவது, ஷார்லட்டின் வலை. அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் ஸ்தாபனத்தார் தயாரித்து 1973-ஆம் வருஷம் வெளிவந்தது. சிலந்திக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ரீமதி டெப்பி ரெய்னால்ட்ஸ். ஹாலிவுட்டில் அந்தக் காலத்தில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர் கிடையாது. ஆடுவார், பாடுவார், சிரிக்க வைப்பார். அப்பேர்ப்பட்ட நடிகையை அழைத்து வந்து, முகத்தை மறைத்து, எட்டுக் கால் ஜந்து ஒன்றுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

கதையை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு பண்ணையில் நோஞ்சானாகப் பிறந்த பன்றிக் குட்டி வில்பர். பிறந்த அன்றே கோடரிக்கு இரையாக வேண்டியது, ஃபெர்ன் என்ற சிறுமியின் பிடிவாதத்தால் பிழைக்கிறது. பிறகு அவளுடைய மாமன் தொழுவத்துக்குப் போகிறது. அங்கே, பனிக்காலம் வந்ததும் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்ற செய்தி அதற்குத் தெரிய வருகிறது. வாசல் நிலைக்கு மேலே வலை பின்னி வாழும் ஷார்லட் என்னும் சிலந்தி, "உன்னை நான் காப்பாற்றுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறது. இரவோடு இரவாகத் தன் வலையில் பன்றியைப் புகழும் சொற்களை எழுத்தாகப் பின்னிவிடுகிறது. மனிதர்கள் பார்த்து அதிசயிக்கிறார்கள். வலையில் எழுதிய சிலந்தியை யாரும் அதிசயிக்கவில்லை, பன்றியைத்தான் அதிசயிக்கிறார்கள். உலகம் அப்படித்தான் இருக்கிறது. கண்காட்சியில் பன்றி பரிசு பெற்றுப் பிழைக்கிறது. சிலந்தி 514 முட்டைகள் அடங்கிய பையைப் பின்னி வைத்துவிட்டு, கூட்டமெல்லாம் கலைந்த அந்த மைதானத்தில் தனியாக உயிரை விடுகிறது.

இதை எழுதியவர் ஈ. பி. ஒயிட். மெய்ன் மாகாணத்தில் சொந்தப் பண்ணை வைத்திருந்தவர். பன்றி வளர்த்தவர். ஒரு சமயம் அவர் வளர்த்த பன்றி நோய்வாய்ப்பட்டு, எவ்வளவோ சிகிச்சை செய்தும் இறந்து போயிற்று. கொன்று தின்பதற்காக வாங்கிய பிராணிக்காகத் தாம் ஏன் இவ்வளவு துக்கப்படுகிறோம் என்று வியந்து 1948-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தொழுவத்தில் ஒரு சிலந்தி முட்டைப் பை கட்டுவதையும் பார்த்தார். அந்தப் பையை அறுத்தெடுத்து, மிட்டாய்ப் பெட்டியில் போட்டு, நியூயார்க்குக்குக் கொண்டு போய்த் தம் அறை மேஜையில் வைத்துவிட்டார். சில வாரங்களில் பெட்டியின் துவாரங்கள் வழியே பொடிப்பொடியாகக் குஞ்சுகள் வெளிவந்து, சீப்பிலும் கண்ணாடியிலும் நூல் கட்ட ஆரம்பித்தன. ஒயிட் பரமானந்தம் அடைந்தார். வீட்டைப் பெருக்க வந்தவருக்கு அந்த ஆனந்தம் இருந்திருக்க நியாயமில்லை.

புத்தகம் 1952-ல் வெளிவந்தது. அதற்குப் படம் போட்டவர் கார்த் வில்லியம்ஸ். அவர் முதலில் ஷார்லட்டுக்கு ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து காட்டினார். ஒயிட் ஒப்பவில்லை. சிலந்தி சிலந்தியாகவே இருக்க வேண்டும் என்றார். சிலந்திகளைப் பற்றிய சாஸ்திரப் புத்தகங்களைச் சித்திரக்காரருக்குச் சிபாரிசு செய்தார். ஷார்லட்டின் முழுப் பெயரில் வரும் கவாட்டிகா என்பதுகூட அந்தத் தொழுவச் சிலந்தி இனத்துக்குப் பிராணி நூலார் வைத்த பெயரிலிருந்து எடுத்ததுதான். கடைசியில் புத்தகத்தில் அச்சான சிலந்திக்கு முகம் என்று சொல்லும்படியாக அதிகம் ஒன்றும் இல்லை. அன்பு முழுவதும் பேச்சில் இருந்தது.

முகத்தைக்கூடக் கொடுக்க மறுத்த அந்த ஆசிரியரின் சிலந்திக்கு, இருபத்தொரு வருஷம் கழித்துப் பெரிய கண்களும் மனித சாயலும் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு பிரசித்தி பெற்ற நடிகையின் குரலும் வந்து சேர்ந்தது.

இங்கே டெப்பி ரெய்னால்ட்ஸைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய வாழ்க்கையில் "குரல்" என்பது ஒரு விசித்திரமான இடத்தைப் பெற்றிருக்கிறது.

1932-ல் டெக்ஸாஸ் மாகாணத்து எல் பாஸோ நகரில் பிறந்தவர். இயற்பெயர் மேரி பிரான்ஸிஸ். தகப்பனார் ரயில்வேயில் தச்சு வேலை செய்தவர். பதினாறு வயதில் பர்பாங்க் நகரத்து அழகுப் போட்டியில் ஜயித்து சினிமாவுக்கு வந்தார். அவரைப் புகழ் ஏணியில் ஏற்றிய படம் 1952-ல் வந்த "ஸிங்கிங் இன் தி ரெயின்". ஷார்லட் புத்தகம் வெளிவந்த அதே வருஷம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தின் கதை என்ன? ஊமைப் படக் காலத்து நட்சத்திரம் ஒருத்தி. பார்க்க ரதி, வாயைத் திறந்தால் கர்ண கடூரம். பேசும் படம் வந்துவிடுகிறது. ஸ்டூடியோக்காரர்கள் அவளுக்காகப் பேசவும் பாடவும் பெயர் தெரியாத ஏழைப் பெண் ஒருத்தியைத் திரைக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இரவல் குரல்! அந்த ஏழைப் பெண்ணாக நடித்தவர்தான் டெப்பி ரெய்னால்ட்ஸ்.

வேடிக்கை இத்துடன் நிற்கவில்லை. படத்தில் டெப்பி இரவல் கொடுப்பதாகக் காட்டும் பாட்டை உண்மையில் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்ற வேறொரு பாடகி. டெப்பி நட்சத்திரத்துக்காக வசனம் பேசுவதாகக் காட்டும் இடத்தில் நம் காதில் விழும் நாகரிகமான குரலோ, அந்த நட்சத்திரமாக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்தக் குரல்! கர்ண கடூரமாகப் பேசியது ஜீன் ஹேகனின் நடிப்பு. ஆக, குரல் கொடுப்பவளாக நடித்தவருக்கே குரல் இரவல்; குரல் இல்லாதவளாக நடித்தவருக்கோ நல்ல குரல். இதற்கு மேல் ஒரு புராணிகர்கூடச் சிக்கல் போட முடியாது.

ஆனால் டெப்பிக்குக் குரல் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1957-ல் ஒரு படத்துக்காக அவர் பாடிய "டாமி" என்ற பாட்டு அமெரிக்கா முழுவதும் கிராமபோன் தட்டு விற்பனையில் முதலிடத்தில் நின்றது. 1964-ல் வந்த "தி அன்ஸிங்கபிள் மாலி பிரவுன்" படத்துக்காக அகாடமிப் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசாயிற்று. நடுவில் அவருடைய குடும்ப வாழ்க்கையில் நேர்ந்த சங்கடங்களை உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் பத்தி பத்தியாக எழுதித் தீர்த்துவிட்டன. இங்கே நமக்கு அவை வேண்டாம். ஷார்லட் படம் வெளிவந்த போது அவருக்கு வயது நாற்பது. அதே 1973 மார்ச்சில் நியூயார்க் நாடக மேடையில் "ஐரீன்" என்ற சங்கீத நாடகத்தில் இரவுக்கு இரவு ஆடிப் பாட ஆரம்பித்தார்.

கார்ட்டூன் படத்தில் நடிகை என்னதான் செய்கிறாள்? சித்திரம் முழுவதும் முடிந்த பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்கக் கார்ட்டூன் முறை அதற்கு நேர் விரோதமானது. முதலில் குரல், பிறகுதான் சித்திரம். நடிகை ஒலிவாங்கிக்கு முன் நின்று பேசியதைப் பதிவு செய்துகொண்டு, அதில் எந்த எழுத்து எந்தக் கணத்தில் விழுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு சித்திரக்காரர் வாயையும் புருவத்தையும் வரைகிறார். விநாடிக்கு 24 சட்டங்கள். இந்தப் படம் ஓடுவது சுமார் 94 நிமிஷம். கணக்குப் பார்த்தால் ஒரு லட்சத்து முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்கள். ஒரே சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தி வைத்து வேலையைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. எப்படியானாலும், நடிகை ஒரு வார்த்தைக்கு முன் அரை விநாடி தயங்கினால், சிலந்தியும் அரை விநாடி தயங்கும். அந்த வகையில் ஷார்லட்டுக்கு உயிர் கொடுத்தவர்களில் டெப்பியும் ஒருவர் என்று சொல்வது அலங்காரப் பேச்சு அல்ல, தொழில்முறையில் உண்மை.

அப்படியானால் பெயர் பெற்ற நடிகை எதற்கு? குரல் நடிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த ஸ்தாபனத்திலேயே இருந்தார்களே? டான் மெஸ்ஸிக் என்பவர் ஒருவர். ஸ்கூபி-டூ என்ற நாயின் குரல் அவருடையது. தெருவில் அவரைக் கண்டால் ஒரு குழந்தையும் திரும்பிப் பாராது. வாயைத் திறந்தால் ஊர்க் குழந்தைகளெல்லாம் சூழ்ந்துகொள்ளும். இந்தப் படத்தில் அவருக்குக் கிடைத்தது, புத்தகத்தில் இல்லாத ஜெஃப்ரி என்ற வாத்துக் குஞ்சின் வேஷம். பெரிய வேஷங்கள் பெரிய பெயர்களுக்குப் போயின. எலிக்குப் பால் லிண்ட். தாய் வாத்துக்கு ஆக்னஸ் மூர்ஹெட். இருவருமே தேர்ந்த நடிகர்கள் என்பதை மறுக்கவில்லை. எலியின் அலுத்துக்கொள்ளும் குரலைக் கேட்டு எங்கள் வீட்டில் சிரிக்காதவர் இல்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு டெப்பி ரெய்னால்ட்ஸ் யார், பால் லிண்ட் யார் என்று தெரியுமா? விளம்பரத்தில் போட்ட பெயர், டிக்கெட் வாங்கும் தகப்பனாருக்காகப் போட்ட பெயர்தான். இருட்டில் உட்கார்ந்த பிறகு பெயர் உதவாது. குரல் ஒன்றே துணை.

அந்த இடத்தில் டெப்பி தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம். அவருடைய மேடைக் குரல் துள்ளும். சபையைப் பார்த்துக் கண் சிமிட்டும். ஷார்லட் பேசும்போது அந்தத் துள்ளல் அடங்கிவிடுகிறது. பயந்து அலறும் பன்றியை "தூங்கு" என்று சொல்லும் இடங்களில் கண்டிப்பும் கனிவும் சம அளவில் கலந்திருக்கின்றன. "நம் வீட்டுப் பெரிய மனுஷி" என்று பாட்டி சொன்னது சரியான விமரிசனம்.

பாட்டு விஷயம் வேறு. ஷெர்மன் சகோதரர்கள் இயற்றிய பாட்டுக்கள் படம் நெடுகத் தொடர்ந்து வருகின்றன. பாடத் தெரிந்த நடிகையை அமர்த்திவிட்டுப் பாடாமல் விடுவார்களா? டாக்கி தோன்றிய புதிதில் நம் தமிழ்ப் படங்களில் ராஜா சிம்மாசனத்தில் உட்காரவும் ஒரு பாட்டு, எழுந்திருக்கவும் ஒரு பாட்டு இருந்ததே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. நூலாசிரியர் ஒயிட்டுக்குப் படம் சற்றும் பிடிக்கவில்லை. கதை நகரும் போதெல்லாம் நிறுத்திவிட்டு யாராவது உற்சாகமாகப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரும் அவர் மனைவியாரும் விரும்பியது ஜீன் டீட்ச் என்ற கார்ட்டூன் மேதையின் திட்டத்தை. டீட்ச் நடுவிலே விலக்கப்பட்டு வேலை வேறு கைக்கு மாறிவிட்டது. அந்த மனக்குறை அவர்களுக்குக் கடைசி வரையில் தீரவில்லை.

ஒயிட்டின் கட்சியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஒரே ஒரு பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படத்தின் பிற்பகுதியில் பிறப்பையும் இறப்பையும் பருவங்களின் சுற்றையும் பற்றி ஷார்லட் தனக்குத் தானே பாடிக்கொள்ளும் பாட்டு அது. அதில் டெப்பி அழவில்லை. குரலை நடுங்க வைக்கவும் இல்லை. தாலாட்டுப் போலப் பாடி முடித்துவிடுகிறார். எங்கள் வீட்டில் முந்தானை கண்ணுக்குப் போனது அந்த இடத்திலிருந்துதான்.

குரலைப் பற்றிப் பேசும்போது மூன்றாவது மனிதர் ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் நூலாசிரியரேதான். படம் வருவதற்கு முன்பே, 1970-ல், ஒயிட் தம் புத்தகம் முழுவதையும் தாமே படித்து ஒலிப்பதிவு செய்தார். அவர் நடிகர் அல்ல. கூட்டத்தில் பேசவே கூசுகிறவர். சிங்காரமில்லாமல், கிராமத்துப் பெரியவர் கடிதம் படிப்பதுபோல் படித்துக்கொண்டு போனார். ஷார்லட் இறந்துபோகும் இடம் வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. நிறுத்தி, வெளியே போய், மீண்டும் வந்து படித்தார். மறுபடியும் அடைத்துக்கொண்டது. அந்தப் பகுதி சரியாக அமைவதற்குப் பதினேழு தடவை படிக்க வேண்டியிருந்ததாம். தாமே கற்பித்த ஒரு சிலந்தியின் சாவைப் படிக்க முடியாமல் எழுபது வயதுக் கிழவர் தவிப்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவரே சிரித்துக்கொண்டாராம்.

பாட்டுக் கூடாது, மிகை கூடாது என்று அவர் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஷார்லட்டுக்கு இன்னொரு நடிகையும் வாய்த்தார். 2006-ல் அதே கதையை மெய்யான மனிதர்களையும் மிருகங்களையும் வைத்து, சிலந்தியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிப் புதிய படமாக எடுத்தார்கள். இந்தத் தடவை குரல் ஜூலியா ராபர்ட்ஸ். அகாடமிப் பரிசு பெற்றவர். டெப்பியைவிட உலகப் பிரசித்தம் அதிகம். கேரி வினிக் டைரக்ட் செய்த அந்தப் படத்தில் வாத்துக்கு ஓப்ரா வின்ஃப்ரே, குதிரைக்கு ராபர்ட் ரெட்ஃபோர்டு என்று தொழுவம் முழுவதும் நட்சத்திர மண்டலம். சிலந்தி உண்மையான சிலந்தியின் சாயலிலேயே, பல கண்களோடு இருக்கிறது. ஒயிட் இருந்திருந்தால் அதை மெச்சியிருக்கலாம். அவர் 1985-லேயே காலமாகிவிட்டார். ஜூலியா தாழ்ந்த ஸ்தாயியில், அமரிக்கையாகப் பேசுகிறார். எனக்கோ ஒவ்வொரு மிருகம் வாயைத் திறக்கும்போதும் "இது யார் குரல்?" என்று யோசிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விட்டது. பேத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது.

நம் நாட்டிலும் இந்த வழக்கம் வந்துவிட்டது. 2008-ல் வந்த "ரோட்ஸைட் ரோமியோ" என்ற ஹிந்திக் கார்ட்டூன் படத்தில் லைலா என்ற பெண் நாய்க்குக் குரல் கரீனா கபூர். அதிலே சார்லி அண்ணா என்று ஒரு தாதா நாய். பேசுவது தென்னாட்டு வாடை வீசும் ஹிந்தி. வடக்கே உள்ளவர்கள் நம்மை நினைத்துக்கொள்வதற்கு நாயாவது கிடைத்ததே என்று திருப்தி அடைய வேண்டியதுதான். 2019-ல் வந்த "தி லயன் கிங்" படத்தில் நாலா என்ற பெண் சிங்கத்துக்கு ஆங்கிலத்தில் பியான்ஸே பேசினார். தமிழில் ஐஸ்வர்யா ராஜேஷ் பேசினார். தமிழில் பேசியவரின் வேலை இன்னும் கடினம். ஆங்கில வாயசைவு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. அதற்குள் தமிழைத் திணிக்க வேண்டும். திணித்தது தெரியவும் கூடாது.

இந்த வித்தையில் தமிழர்களுக்குப் புதுமை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "பம்பாய்" (1995) படத்தில் மனீஷா கொய்ராலா அழுத போதெல்லாம் தமிழில் விம்மியது நடிகை ரோகிணியின் குரல். நாம் அழுதோம், குரல் யாருடையது என்று எத்தனை பேர் விசாரித்தோம்? திரையில் தோன்றும் முகத்துக்கு மாலையும், தோன்றாத குரலுக்கு மறதியும் கிடைப்பது நெடுநாளைய வழக்கம். கார்ட்டூன் படத்தில்தான் அது தலைகீழாயிற்று: முகமே இல்லாத இடத்தில் முகம் பிரசித்தமான நடிகையைத் தேடுகிறார்கள். டான் மெஸ்ஸிக்குகள் வாத்துக் குஞ்சோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

டெப்பி ரெய்னால்ட்ஸ் 2016-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி காலமானார். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய மகள், நடிகை கேரி ஃபிஷர், இறந்திருந்தார்.

பேத்திக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பொங்கல் ஆகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாழ்வாரத்து மூலையில் வலை அப்படியே இருக்கிறது; இரண்டு நாளாகச் சிலந்தியைத்தான் காணோம். தினம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, முட்டைப் பை ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாள். பாட்டி கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறாள்.